எண்ணத்திற்கும் செவிக்கும் இடையே

1950-களின் நடுப்பகுதியில் ஒரு நாள், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் தெரெமின் என்னும் மின்னணு இசைக்கருவியைச் செய்து விற்றுவந்த தந்தையும் மகனும், லாங் ஐலண்டில் மன்ஹாசெட் என்ற ஊரிலிருந்த ஒரு பெரிய மாளிகைக்குச் சென்றனர். மகனுக்கு அப்போது இருபது வயதை ஒட்டியிருக்கும். வீட்டுக்காரர் தம் நிலவறைக்கு அவர்களை அழைத்துச் சென்று காட்டினார். மின்னணுப் பணிக்கு ஒரு கூடம், உலோகப் பணிக்கு ஒரு கூடம், மரப்பணிக்கு ஒரு கூடம். ஒவ்வொன்றும் சிறு தொழிற்சாலை போலிருந்தது.

அந்த இளைஞர் பின்னர் அங்கே பலமுறை சென்றார். அப்படிச் சென்ற நாள்களுள் ஒன்றில், தரையிலிருந்து கூரை வரை அடுக்கடுக்காக நிறுத்தப்பட்டிருந்த ரிலேக்களை அவர் கண்டார். தொலைபேசி நிலையங்களில் எண்களை இணைத்துக் கொடுக்கப் பயன்பட்டவை அவை. நாம் தொலைபேசி வட்டில் 7-ஐச் சுழற்றினால் ஏழு துடிப்புகள் சென்று, அங்கே ஒரு சிறு கை ஏழு படி நகர்ந்து ஏழாவது முனையில் நிற்கும். மாளிகைக்காரர் அந்த முனைகளில் தொலைபேசிக் கம்பிகளுக்குப் பதிலாக ஒலி எழுப்பும் சுற்றுகளை இணைத்திருந்தார். சீரான துடிப்பு ஒன்றைக் கொடுத்தவுடன் கைகள் படிப்படியாக நகர, ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கடைசிப் படி முடிந்ததும் முதற்படிக்குத் திரும்பின. இசை ஒரு புறம் இருக்க, ரிலேக்களின் 'டக் டக்' என்ற ஓசையே அறை முழுவதும் நிறைந்திருந்தது.

இளைஞரின் பெயர் ராபர்ட் மூக். பிற்காலத்தில் அவர் பெயரே சிந்தசைசர் என்னும் கருவிக்கு மறுபெயராகிவிட்டது. மாளிகைக்காரர் ரேமண்ட் ஸ்காட். அவர் அன்று செய்துவைத்திருந்த பொருளுக்குப் பின்னாளில் சீக்வென்சர் என்ற பெயர் வழங்கலாயிற்று. அதைத் தாம் செய்ததாக அவர் ஊரறியச் சொல்லவில்லை. அதனால் அவர் இழந்தது என்ன, பெற்றது என்ன என்பதை நம் மலரில் எழுதத் தோன்றியது. பத்தாண்டுகளாக நம் வட்டம் கூடும்போதெல்லாம், யாப்பு கவிஞனைக் கட்டுகிறதா, ஏந்திக்கொள்கிறதா என்ற வழக்கு ஏதோ ஒரு வடிவில் எழாமல் இருந்ததில்லை. அதே வழக்கை மின்கம்பிகளாலும் குமிழ்களாலும் வாழ்நாள் முழுவதும் நடத்திப் பார்த்த ஒருவர் இவர்.

1908 செப்டம்பர் 10 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹாரி வார்னோ. ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பம். தந்தை இசைப்பொருள் கடை வைத்திருந்தார். எட்டு வயது மூத்த அண்ணன் மார்க் வயலின் கலைஞர். தம்பிக்கோ பொறியியலில்தான் நாட்டம். புரூக்ளின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் படித்து, பொறியாளராகிவிடும் எண்ணத்தில் இருந்தார். அண்ணன் விடவில்லை. பியானோ ஒன்றை வாங்கித் தந்து, படிப்புக் கட்டணத்தையும் தாமே ஏற்று, பின்னாளில் ஜூலியார்ட் என்று புகழ்பெற்ற இசைக்கலை நிறுவனத்தில் அவரைச் சேர்த்தார். 1931-இல் பட்டம் பெற்று வெளிவந்தவர், சி.பி.எஸ். வானொலியின் இசைக்குழுவில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். அக்குழுவை நடத்தியவர் மார்க். அண்ணன் நடத்தும் குழுவில் தம்பியின் பாடல்கள் ஒலித்தால் ஊர்வாய் சும்மா இராது என்று கருதி, தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி எடுத்துக்கொண்ட பெயர்தான் ரேமண்ட் ஸ்காட். தொலைபேசி அவர் வாழ்வில் இரண்டு முறை உதவியிருக்கிறது எனலாம்.

1936-இன் இறுதியில் வானொலிக் குழுவிலிருந்தே சிலரைத் தேர்ந்து 'ரேமண்ட் ஸ்காட் குவிண்டெட்' என்ற சிறு குழுவை அமைத்தார். குவிண்டெட் என்றால் ஐவர் குழு. அதில் இருந்தவர்கள் ஆறு பேர். ஐந்தைக் குறிக்கும் சொல்லின் ஓசை அவருக்குப் பிடித்திருந்தது. அறுவரைக் குறிக்கும் சொல்லைச் சொன்னால் கேட்போர் மனம் இசையை விட்டு வேறெங்கோ போய்விடும் என்று காரணமும் சொன்னார். எண்ணைவிட ஓசை பெரிதென்று கருதிய இந்த மனிதர், இசைக்குள்ளே மட்டும் ஒரு நொடிப் பிசகையும் பொறுத்தவர் அல்லர்.

அவருடைய முறை வேறெங்கும் இல்லாதது. தாளில் எழுதித் தருவதில்லை. பியானோவில் அமர்ந்து ஒரு துணுக்கை வாசிப்பார் அல்லது முணுமுணுப்பார். கலைஞர் அதைப் பிடித்துத் தம் கருவியில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதிலிருந்து அடுத்த துணுக்கு பிறக்கும். ஒத்திகை முழுவதையும் ஒலித்தட்டில் பதிந்து, பிறகு தனியே கேட்டு, எது நிற்க வேண்டும் எது போக வேண்டும் என்று முடிவு செய்வார். முடிவு செய்த பின் ஒரு சுரமும் மாறக்கூடாது. ஜாஸ் என்றாலே நினைத்த மாத்திரத்தில் கற்பனை செய்து வாசிப்பது. இங்கோ ஜாஸின் ஒலிகள் எல்லாம் இருக்க, அதன் உயிரான அந்த உரிமை மட்டும் இல்லை. கலைஞர்கள் மனத்துக்குள் குமைந்தார்கள். அவரோடு சிறிது காலம் பாடிய அனிட்டா ஓடே என்ற பாடகி, சாவி கொடுத்தால் ஆடும் பொம்மைகளாக அவர் கலைஞர்களை ஆக்கிவிட்டார் என்ற கருத்தைத் தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். குறை சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தன் மூச்சைக் குழலில் ஊதுகிற ஒருவனிடம், உன் மூச்சு எனக்கு வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்வது சிறிய அவமதிப்பு அன்று.

எனினும் மக்கள் கொண்டாடினார்கள். 1937-இல் வந்த 'பவர்ஹவுஸ்' என்ற இசைத்துண்டைக் கேட்டவர்களுக்கு அதன் காரணம் புரியும். அதில் இரண்டு பகுதிகள். ஒன்று தலைதெறிக்க ஓடும்; மற்றொன்று கனமான எந்திரங்கள் ஒரே சீராக ஏறி இறங்குவது போல் நடக்கும். 1943-இல் தம் பாடல்களின் வெளியீட்டு உரிமையை வார்னர் பிரதர்ஸுக்கு ஸ்காட் விற்றார். அந்நிறுவனத்தின் கார்ட்டூன் படங்களுக்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங், எந்திரமும் தொழிற்சாலையும் திரையில் வரும்போதெல்லாம் 'பவர்ஹவுஸை' எடுத்துக் கையாண்டார். பக்ஸ் பன்னியையும் டாஃபி டக்கையும் பார்த்து வளர்ந்த பல கோடிக் குழந்தைகளுக்கு ஸ்காட்டின் இசை தெரியும், ஸ்காட்டைத் தெரியாது. கார்ட்டூனுக்கென்று அவர் ஒரு சுரமும் எழுதியதில்லை என்பதுதான் வேடிக்கை.

போர்க்காலத்தில் சி.பி.எஸ். வானொலியின் இசைப் பொறுப்பை ஏற்ற அவர், 1942-இல் கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளையினக் கலைஞர்களும் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் குழுவை அமைத்தார். கோல்மன் ஹாகின்ஸ், பென் வெப்ஸ்டர் போன்ற பெருங்கலைஞர்கள் அதில் இருந்தனர். அந்நாளைய அமெரிக்க வானொலியில் இது துணிச்சலான செயல். அதற்கு முந்திய ஆண்டில், 1941-இல், மற்றொரு துணிச்சல் செய்தார்: கலைஞர்கள் கைகளையும் வாய்களையும் அசைக்க, ஒலியே எழாத ஒரு 'மௌன இசையை' மேடையேற்றினார். ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளர் தம் புகழ்பெற்ற மௌனப் படைப்பை 1952-இல்தான் அரங்கேற்றினார். கேஜுக்கு அது தத்துவம். ஸ்காட்டுக்கு அது விளையாட்டு என்று எண்ணினாலும், வாசிப்பவர் இல்லாத இசை என்ற கனவின் விதை அங்கேயே விழுந்துவிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

1949 அவர் வாழ்வில் முக்கியமான ஆண்டு. அண்ணன் மார்க் நாற்பத்தொன்பது வயதில் இறந்தார். அவர் நடத்திவந்த 'யுவர் ஹிட் பரேட்' என்ற வாராந்திர நிகழ்ச்சி தம்பியின் தலையில் வந்து விழுந்தது. வானொலியிலும் பின்னர் தொலைக்காட்சியிலுமாக 1957 வரை அதை நடத்தினார். பிறர் பாடல்களை வாரந்தோறும் அழகாக வாசித்துக் காட்டும் வேலை. பணம் வந்தது; அந்தப் பணமெல்லாம் மன்ஹாசெட் மாளிகையின் நிலவறைக்குப் போயிற்று. அதே 1949-இல் அவர் ஒரு கருத்தை எழுதினார்: எதிர்காலத்தில் இசையமைப்பாளன் மேடையில் அமர்ந்து தன் இசையை எண்ணினாலே போதும், அந்த எண்ணம் நேரே கேட்பவர் மனத்தில் சென்று சேரும்படி அறிவியல் வழிசெய்யும் என்பது அதன் சாரம். எண்ணத்திற்கும் செவிக்கும் இடையில் நிற்கும் கைகளை நீக்கிவிட வேண்டும். கலைஞர்களை அவர் நடத்திய முறைக்கும், அதன் பின் செய்த கருவிகளுக்கும் வேர் இந்த ஆசைதான்.

1946-இலேயே 'மன்ஹாட்டன் ரிசர்ச்' என்ற பெயரில் மின்னணு இசைக்கருவிகளுக்கான நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தார். பல்வேறு ஓசைகளை எழுப்பும் பெட்டி ஒன்றைச் செய்து, அச்சமூட்டும் திரைப்படங்களில் நடித்த கார்லாஃபின் பெயரை அதற்கு இட்டார். பிறகு 'கிளாவிவாக்ஸ்' வந்தது. தெரெமின் தொடாமல் வாசிக்கும் கருவி. காற்றில் கையை அசைத்துச் சுரம் பிடிக்க வேண்டும். மூக்கிடமிருந்து வாங்கிய தெரெமின் பகுதியைக் கொண்டு, கட்டைகளைத் தொட்டு வாசித்தாலும் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும்படி செய்தது கிளாவிவாக்ஸின் சிறப்பு. நம் இசையில் கமகம் என்கிறோமே, அந்த வழுக்கலைப் பியானோக் கட்டை தராது, இது தந்தது. அதன் உள்ளமைப்பு, பத்தாண்டு கழித்துத் தம் நிறுவனம் செய்த முதல் சிந்தசைசரின் சுற்றுகளைப் பெரிதும் ஒத்திருந்தது என்று மூக் பின்னாளில் ஒளிக்காமல் சொன்னார்.

இனி, அந்த ரிலே அடுக்குக்கு வருவோம். சீக்வென்சர் என்பது என்ன? எளிமையாகச் சொன்னால், அது தானாக ஒலிப்பதில்லை, ஒலிப்பவற்றுக்கு ஆணையிடுகிறது. எட்டுப் படிகள் கொண்ட ஒரு வரிசையை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு குமிழ். குமிழைத் திருப்பிய அளவுக்கு ஏற்ப ஒரு மின்னழுத்தம். துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு படி நகர, அந்தந்தப் படியின் மின்னழுத்தம் வெளியே செல்கிறது. அதை ஒலியெழுப்பும் சுற்றுக்குக் கொடுத்தால் எட்டுச் சுரங்களின் மாலை கிடைக்கும். நம் கவிஞர்களுக்கு இது புதிதன்று. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற வாய்பாடுகளும் இத்தகைய படிகள்தாமே? பொருள் எதுவாயினும் நடை முன்னரே நிற்கிறது.

வியப்பு இதற்குப் பின்தான் தொடங்குகிறது. மின்னழுத்தம் எங்கே செல்ல வேண்டும் என்று விதியில்லை. சுரத்துக்குக் கொடுக்காமல் ஒலியின் அளவுக்குக் கொடுத்தால், ஒரே நீண்ட ஒலியிலிருந்து தாளம் பிறக்கும். ஒலியின் நிறத்தைத் தீட்டும் வடிகட்டிக்குக் கொடுத்தால், மாறாத சுரமொன்று படிக்குப்படி முகம் மாறிக் காட்டும். துடிப்பின் வேகத்துக்கே கொடுத்தால் சில படிகள் நீண்டும் சில குறுகியும், நெடிலும் குறிலும் போல அமையும். எட்டுப் படி வரிசையோடு ஐந்து படி வரிசையை ஓடவிட்டால், இரண்டும் ஒன்றாகத் தொடங்கிப் பிரிந்து, நாற்பதாவது துடிப்பு முடிந்த பின்னரே மீண்டும் ஒன்றாகத் தொடங்கும். இடையிலுள்ள நாற்பதும் நாற்பது வெவ்வேறு சேர்க்கைகள். கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்கள் இந்தக் கணக்கின் சுவையை உடனே உணர்வார்கள். கட்டு மிகமிகக் கடுமையானது. விளையும் இசையோ கட்டியவனையே வியக்க வைக்கிறது.

ஸ்காட் இதை ரிலேக்களோடு நிறுத்தவில்லை. 'வட்ட எந்திரம்' என்று ஒன்று செய்தார். வட்டமாகச் சிறு விளக்குகள். நடுவில் சுழலும் ஒரு கை. கையின் முனையில் ஒளியை உணரும் மின்கலம். ஒவ்வொரு விளக்கின் ஒளியையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். கை சுற்றிவரும்போது, விளக்கின் ஒளிக்கேற்ப ஒலி ஏறியும் இறங்கியும் வரும். மெட்டை ஒளியின் ஏற்றத்தாழ்வாகக் கண்ணால் காணலாம். கார்த்திகைத் தீபத்தன்று வாசலில் அகல்களை வட்டமாக வைத்து, ஒன்றின் திரியைத் தூண்டி மற்றொன்றை அடக்கிக்கொண்டே வரும் கையை நினைத்தால் இந்தக் கருவி எனக்கு விளங்கிவிடுகிறது. பின்னர் ரிலேக்களின் இடத்தில் ஓசையெழுப்பாத மின்னணுச் சுற்றுகள் வந்தன. தாளக் கருவிகளை எந்திரமே வாசிக்கும்படி 'பாண்டிட்டோ' என்ற பெட்டி வந்தது.

இவற்றைக் கொண்டு அவர் செய்தது என்ன என்று கேட்டால், பெரும்பாலும் விளம்பர இசை. மின்கலம், மாவுப்பண்டம், மருந்து, வீட்டுச் சாமான். அரை நிமிடத்துக்குள் அடங்கும் துணுக்குகள். பொம்மலாட்டப் படங்களால் பின்னர் உலகப் புகழ் பெற்ற ஜிம் ஹென்சனின் சோதனைக் குறும்படங்கள் சிலவற்றுக்கும் 1960-களில் ஒலி அமைத்தார். அதே பத்தாண்டின் முற்பகுதியில் கைக்குழந்தைகளுக்கென்று மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டார். முதல் தட்டு ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளுக்கு. இரண்டாவது ஓராண்டு வரை. மூன்றாவது பதினெட்டு மாதம் வரை. குழந்தை வளர்ச்சியை ஆராயும் கெசெல் நிறுவனமும் அதில் பங்கு கொண்டது. தட்டுகள் விற்கவில்லை.

அவற்றுள் 'டிக் டாக்', 'பொம்மைத் தட்டச்சு' என்ற பொருள் தரும் பெயர்களில் சில உண்டு. நான் அவற்றைக் கேட்டது தொண்டை கட்டிப் படுத்திருந்த ஓர் இரவில். நாலைந்து சுரங்களின் மாலை திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் சலிப்பு. பிறகு சலிப்பு எங்கோ கரைந்து, திரும்ப வரும்போது ஏதோ சிறிதே மாறியிருப்பதாகக் காது ஐயுறுகிறது. உண்மையில் மாறியிருக்கிறதா, நம் காதுதான் மாறிவிட்டதா என்று தெளிவதற்குள் அது இன்னொரு சுற்று சுற்றிவிடுகிறது. தாலாட்டில் ஆராரோ வந்துகொண்டே இருப்பது போலத்தான். டெர்ரி ரைலியும் அவரை அடுத்து வந்தவர்களும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசையைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து அதற்கொரு பெயரும் புகழும் தேடித் தந்தபோது, ஸ்காட்டின் தட்டுகள் குழந்தைப் பொருள்களின் அடுக்கில் தூசு படிந்து கிடந்தன.

இந்தத் தனிமைக்கு அவரே பாதிக் காரணம். தம் கருவிகளைப் பற்றி அவர் எழுதவில்லை, மாநாடுகளில் பேசவில்லை. விளம்பர உலகில் எவரிடமும் இல்லாத ஒலி தம்மிடம் இருக்கிறது என்பதுதான் அவர் பிழைப்பு. அந்த ஒலி வரும் வழி தெரிந்துவிட்டால் அடுத்த தெருக்காரனும் செய்துவிடுவான். எனவே தமக்குச் சுற்றுகள் செய்து கொடுத்துவந்த மூக்கிடமும் சீக்வென்சரைப் பற்றி வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மூக் சொல் தவறாதவர். 1964-இல் ஹெர்பர்ட் டாய்ட்ஷ் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து அவர் தம் முதல் சிந்தசைசரை உருவாக்கியபோது அதில் சீக்வென்சர் இல்லை.

அறிவை எத்தனை நாள் பூட்டி வைக்க முடியும்? நாட்டின் மறுகோடியில், சான் பிரான்சிஸ்கோவில், ஸ்காட்டின் நிலவறையை அறியாத டான் புக்லா என்பவர், மார்ட்டன் சுபாட்னிக், ரமோன் செண்டர் என்ற இரு இசையமைப்பாளர்களுக்காகத் தாமே ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார். அதில் எட்டுப் படியிலும் பதினாறு படியிலும் சீக்வென்சர்கள் இருந்தன. 1967-இல் சுபாட்னிக் அதைக் கொண்டு 'நிலவின் வெள்ளி ஆப்பிள்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தட்டை வெளியிட்டார். இசைத்தட்டுக்கென்றே இயற்றச் சொல்லிப் பெற்ற முதல் மின்னணுப் படைப்பு என்று அதைச் சொல்வார்கள். வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு மூக்கும் 1960-களின் பிற்பகுதியில் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுப் படி என அமைந்த சீக்வென்சரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1974-இல் ஜெர்மனியின் 'டேஞ்சரின் டிரீம்' குழு மூக்கின் சீக்வென்சரைக் கொண்டு 'ஃபேத்ரா' என்ற நீண்ட படைப்பைச் செய்தது. பதிவின்போது கருவி சூடேறச் சூடேறச் சுரம் மெல்ல விலகிச் சென்றது. அந்த விலகலையும் அவர்கள் நீக்காமல் விட்டுவிட்டார்கள். 1977-இல் ஜார்ஜியோ மொரோடர் இசையமைத்து டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' நடன அரங்குகளை ஆட்டிவைத்தது. உலகம் முழுவதும் அந்தப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படியைக் கட்டியவர்களில் முந்தியவரான ஒருவரின் பெயர் எங்கும் இல்லை.

சீக்வென்சரை முதலில் செய்தது தாமே என்றும், ஒளித்து வைத்தது தவறாயிற்று என்றும் ஸ்காட் பிற்காலத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அதில் மூக்கின் நேர்மையைப் பாராட்டவும் அவர் மறக்கவில்லை. மூக்கும் தம் இறுதிக்காலம் வரை ஸ்காட்டின் பெயரைச் சொல்லாமல் இருந்ததில்லை. இருவரிடையே பகை மூண்டிருந்தால் நமக்குச் சுவையான கதை கிடைத்திருக்கும், மூளவில்லை.

இதற்கிடையில் ஸ்காட்டின் மனம் வேறொரு பொருளில் ஆழ்ந்து கிடந்தது. 1959-இல் தொடங்கிய 'எலக்ட்ரோனியம்' அது. கட்டைகள் இல்லை, விசைகளும் குமிழ்களும் விளக்குகளும் மட்டும் நிறைந்த பெரிய பலகை. வாசிப்பதற்கன்று, இயற்றுவதற்காகச் செய்த எந்திரம். ஒரு விசையைத் தட்டினால் அது ஒரு மெட்டைச் சொல்லும். பிடிக்கவில்லையானால் வேறொன்று கேட்கலாம். பிடித்துவிட்டால் அதை உயர்த்து, தாழ்த்து, விரைவாக்கு, நீட்டு, மேலே இன்னொரு குரலைச் சேர் என்று விசைகளால் கேட்டுக்கொண்டே போகலாம். அது தன் போக்கில் விடை சொல்லும். அடுத்து என்ன சொல்லும் என்பது கேட்பவருக்குத் தெரியாது. அந்த அறியாமையையும் அவரே சுற்றுகளுக்குள் அமைத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். உயிருள்ள கலைஞன் ஒரு சுரத்தை மாற்றியதைப் பொறுக்காத மனிதர், தன் விருப்பத்துக்கு மாற்றுகிற ஓர் எந்திரத்துக்காகப் பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டிருக்கிறார். முப்பதாண்டுக்கு முன் ஒத்திகை அறையில் தாம் முணுமுணுக்க, ஒருவர் பிடித்துக்கொள்ள, அதிலிருந்து அடுத்தது பிறந்த அதே உரையாடலை அவர் எந்திரத்தோடு நடத்தினார். துணைவர் தேவையில்லை என்று எல்லாரையும் நீக்கிவிட்டு, கடைசியில் ஒரு துணைவரைத் தம் கையாலேயே செய்துகொண்டார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். ஆயினும் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது.

1970-ஐ ஒட்டி, மோடவுன் இசை நிறுவனத்தின் தலைவர் பெர்ரி கோர்டி அவருடைய பட்டறைக்கு வந்து எலக்ட்ரோனியத்தைக் கண்டு வியந்து, ஒன்று செய்துதரக் கேட்டார். கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை உலகெங்கும் கொண்டு சேர்த்த நிறுவனம் அது. பாடல் வேண்டுமென்றால் பாடலாசிரியரை எழுப்ப வேண்டாம், எந்திரம் மெட்டுகளைச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்ற கவர்ச்சி வணிகருக்கு இருப்பது இயல்பே. ஸ்காட் குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, மோடவுனின் மின்னணு இசை ஆய்வுக்குத் தலைவரானார். 1977 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். எந்திரமோ முடிந்ததாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று ஒரு சுற்றைச் சேர்ப்பார். நாளை அதைப் பிரிப்பார். திருத்தித் திருத்தியே அச்சேறாத கவிதைத் தொகுப்புகளை நாமும் அறிவோம். நம் வட்டத்திலேயே இரண்டு கைப்பிரதிகள் அப்படி இருக்கின்றன. பெயர் சொல்லவில்லை.

உடல் தளர்ந்தது. இதய நோய் முன்பே இருந்தது. 1987-இல் வந்த பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்துக்கொண்டது. மூன்றாவது மனைவி மிட்ஸி உடனிருந்து காத்தார். அந்த ஆண்டுகளில்தான் இளைய தலைமுறையினர் சிலர், கார்ட்டூன்களில் கேட்ட இசை யாருடையது என்று தேடி அவர் வீட்டுக்கு வழி கண்டனர். 1992-இல் குவிண்டெட்டின் பழைய பதிவுகள் குறுந்தகடாக வெளிவந்து பரவலாகப் பேசப்பட்டன. பாராட்டு வீடு தேடி வந்தபோது பதில் சொல்ல அவரிடம் சொல் இல்லை. 1994 பிப்ரவரி 8 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். வயது 85.

மின்னணுப் படைப்புகள் 2000-இல் 'மன்ஹாட்டன் ரிசர்ச்' என்ற பெயரிலேயே இரண்டு குறுந்தகடுகளாக வெளிவந்தன. அவர் தெரிந்தே ஒளித்து வைத்திருந்த ஒலிகளை மக்கள் அப்போதுதான் முழுமையாகக் கேட்டனர். 'டீவோ' குழுவின் மார்க் மதர்ஸ்பா 1996-இல் எலக்ட்ரோனியத்தை வாங்கினார்; அப்போது அது இயங்கும் நிலையில் இல்லை. ஒத்திகை அறையில் பதிந்த ஒலித்தட்டுகளும், நிலவறையில் ஓடிய நாடாக்களும் கான்சாஸ் நகரிலுள்ள மிசூரிப் பல்கலைக்கழகத்தின் மார் ஒலிக் காப்பகத்துக்குச் சென்றன.